யானைக்கும் ஜீப்புக்கும் நடுவில் ஒரு கமா

இங்கிலீஷ் வாத்தியார்களில் இரண்டு வகை உண்டு: பேசச் சொல்லித் தருகிறவர்களுக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை கிடைக்கும், எழுதச் சொல்லித் தருகிறவர்களுக்குக் கழுத்து வலி கிடைக்கும்.

நான் இரண்டாவது வகை. சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோடு. போடிக்காரரைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை என்பதால் உடும்பஞ்சோலைப் பக்கம் மலையேறி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து ஒரு சின்ன டவுனில், ஹார்ட்வேர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற பயிற்சி நிலையத்தில் இங்கிலீஷ் எழுதச் சொல்லித் தருகிறேன். சிவப்புப் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துச் சட்டையைக் கெடுத்துக்கொண்டவர்களும், அடுத்தவர் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டவர்களும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த கதை

நிலையத்தை நடத்துகிறவர் ஜோயி சார். கல்ஃபில் இருந்து திரும்பிவந்து இதைத் தொடங்கினார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். இரண்டுமே அவரிடம் நன்றாக ஒத்துப்போகும். நேர்காணல் என்று பெயர், ஆனால் அவரே பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, பத்து பழைய மாணவர்கள் எழுதிய கடிதங்களை என் முன்னால் வைத்தார். இவர்கள் எல்லாரும் செய்கிற ஒரே தப்பு எது என்று சொல்லுங்கள், அதுதான் உங்கள் பரீட்சை என்றார்.

அரை மணி நேரம் படித்துவிட்டு, கமா என்றேன். வாக்கியத்தின் முகப்பில் வருகிற சொற்றொடருக்குப் பின்னால் ஒருவரும் கமா போடவில்லை. அது அவர்கள் குற்றமில்லை என்றும் சொன்னேன். நாம் 'மழை பெய்தால்' என்று ஆரம்பித்தாலே போதும், அந்த 'ஆல்' முகப்பு முடிந்துவிட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். 'வேலை முடிந்ததும்' என்றால் அந்த 'உம்' காட்டிக்கொடுக்கும். மலையாளத்திலும் இதே கதைதான். இங்கிலீஷில் அப்படி ஒரு வால் கிடையாது. எதுவரைக்கும் முன்னுரை, எங்கிருந்து சங்கதி என்று காட்ட ஒரு கமா போட்டே ஆக வேண்டும். தாய்மொழியில் தேவைப்படாத ஒன்றை நம் ஆட்களின் கை எப்படித் தானாகப் போடும்?

ஜோயி சார் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாளே சேர்ந்துகொள்ளச் சொன்னார். நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, என்னை மட்டம் தட்டுவதற்காக இல்லை, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்கிற நேர்மையில் சொன்னார்: "டீச்சரே, ஞான் பதினாலு வருஷம் கல்ஃபில லெட்டர் எழுதினதெல்லாம் கோமா இல்லாமத்தான், ஒருத்தரும் திருப்பி அனுப்பலை."

உலர்த்திய பிறகு

எங்கள் வகுப்பில் சேர்ந்தவர்களிலேயே வயதில் மூத்தவர் காதர் பாய். பாலக்காட்டுக்காரர். மூன்று தலைமுறையாக வியாபாரம். ஏலக்காயை வாங்கி, உலர்த்தி, ரகம் பிரித்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். அதுவரை கடிதமெல்லாம் எழுதிக்கொடுத்த மருமகன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டதால், ஐம்பத்தாறு வயதில் நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஒரு நாள் வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். முகம் சரியில்லை. செல்போனை நீட்டினார். புதிதாகக் கிடைத்த வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தங்கள் வேலைமுறையை விளக்கி அவரே ஒரு மெயில் எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: After drying our workers sort the pods by hand. உலர்த்திய பிறகு எங்கள் ஆட்கள் கையால் காய்களைத் தரம் பிரிக்கிறார்கள் என்பது பாய் சொல்ல நினைத்தது. கமா இல்லாததால் அது, எங்கள் ஆட்களை உலர்த்திய பிறகு என்று ஆரம்பித்திருந்தது. வாடிக்கையாளர் பதில் போட்டிருந்தார்: காய்களைப் பற்றித் தெரிந்துகொண்டதில் மகிழ்ச்சி, உலர்த்திய பிறகு தொழிலாளர்கள் நலமாக இருக்கிறார்களா?

பாய்க்கு அது கேலி என்று பிடிபடவில்லை. தொழிலாளர் நலம் பற்றி விசாரணை வந்திருக்கிறது, ஆர்டர் கைவிட்டுப் போகப்போகிறது என்று பயந்துபோய் முந்தின நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. நான் drying என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கமா போட்டு, இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டினேன். அந்த வரியை அவரே ஒரு தடவை வாய்விட்டு வாசித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். திருத்திய மெயிலை அங்கேயே அனுப்பினோம். ஆர்டர் உறுதியாகிவிட்டதைச் சொல்ல, அடுத்த வாரம் என்னையும் ஜோயி சாரையும் தன் ஏலக்காய் ஸ்டோருக்கே சாப்பிட அழைத்தார். காய்களைக் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் அவரே சொன்னார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, அந்தப் பெண்களில் மூத்தவரான பேச்சியம்மா உலர்த்தும் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மார்கழிப் பனிக்கு அப்பிடி ஒண்ணு செஞ்சாலும் எங்களுக்கு நல்லதுதான் மொதலாளி."

கமா ஜீப்

எங்கள் நிலையத்தில் படித்த பாண்டி ஜீப் ஓட்டுகிறவர். பள்ளிவாசல் என்கிற ஊரைத் தாண்டி ஒரு வளைவில் வீடு. அதில் இரண்டு அறைகளை டூரிஸ்டுகளுக்கு விட்டிருந்தார். அவர் வீட்டை ஒட்டித்தான் யானை இறங்குகிற தடம். யானை ரோட்டில் நிற்கும்போது ஹாரன் அடித்து, மயிரிழையில் தப்பித்த ஒரு வண்டிக்காரரைக் கண்ணால் பார்த்த பிறகு, தன் செலவிலேயே ஒரு போர்டு வைப்பது என்று முடிவு செய்தார். வாசகத்தை எழுதி எனக்கு அனுப்பினார்: When elephants cross jeeps must stop.

யானை கடக்கும்போது ஜீப்புகள் நிற்க வேண்டும். கருத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முதல் நான்கு சொற்களை மட்டும் படித்தால், யானைகள் ஜீப்பைத் தாண்டிக் குதிக்கிற மாதிரி இருக்கிறது. போனில் கூப்பிட்டேன். பெயின்டர் ஏணியில் ஏறிவிட்டாராம். வெளியே நல்ல மழை. பாதிச் சொற்கள்தான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. நான் நிறுத்தி நிதானமாக, கிராஸ், கமா, ஜீப்ஸ் என்று மூன்று தடவை சொன்னேன். பாண்டி அதை அப்படியே பெயின்டருக்குச் சத்தமாகச் சொன்னது எனக்கும் கேட்டது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்த வழியாகப் போனோம். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து. பெயின்டருக்கு நல்ல கை. WHEN ELEPHANTS CROSS COMMA JEEPS MUST STOP என்று, அந்தக் கமாவின் ஐந்து எழுத்தும் ஒரே அளவாக, கண்ணில் அறைகிற மாதிரி எழுதியிருந்தார். நான் பஸ்ஸிலிருந்தே இறங்கிவிட்டேன். அன்றைக்கே அழித்துத் தர ஆள் அனுப்புகிறேன், செலவு என்னுடையது என்று பாண்டியிடம் சொன்னேன். அவர் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "வேண்டாம் டீச்சர், வர்ற ஆளுங்க எல்லாம் கமா ஜீப்புன்னா எதுன்னு கேட்டுக்கிட்டு என் வண்டியிலதான் ஏறுறாங்க."

செல்வராணிக்குக் கோமா

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் வேண்டியவள் செல்வராணி. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மா முத்துலட்சுமி பள்ளிவாசல் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். அப்பா இல்லை. அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான். ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் செல்வராணிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தால்தான் அம்மாவுக்கு ஒரு வாடகை வீடாவது பார்க்க முடியும். அந்த வேலைக்கு நர்ஸ்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும். கேட்பது, வாசிப்பது, பேசுவது எல்லாம் தேறிவிட்டாள். எழுத்தில் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. நோயாளியை வேறு டாக்டரிடம் அனுப்பும்போது எழுதுகிற கடிதம்தான் அந்தப் பகுதி. விஷயமெல்லாம் சரியாக இருக்கும். வாக்கியங்கள்தான் மூச்சு விடாமல் ஓடும்.

மூன்றாவது பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அவள் எழுதிய மாதிரிக் கடிதத்தை ஜோயி சார் பார்த்திருக்கிறார். ஒரு முகப்புக்கும் கமா இல்லை. உடனே எனக்குப் போன் போட்டார். நான் சந்தைக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர்தான் எடுத்தார். கமா என்பதை மலையாளத்தில் கோமா என்பார்கள் என்று நான் முன்னாலேயே சொன்னேனா தெரியவில்லை. செல்வராணிக்குக் கோமா, நிலைமை மோசம், டீச்சரை உடனே வரச் சொல்லுங்கள் என்று ஜோயி சார் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் பதறாத மனுஷர். ஜீப் பிடித்தார். பிளாஸ்க்கில் வெந்நீர், ஒரு ரொட்டி, போர்வை எல்லாம் எடுத்துக்கொண்டு சந்தைக்கே வந்து, விஷயத்தை நிதானமாகச் சொல்லி என்னை ஏற்றிக்கொண்டார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க நிலையத்துக்குப் போனோம். வழியெல்லாம் நான் அழுதுகொண்டே போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மாடியேறினால், செல்வராணி ஜன்னலோரம் உட்கார்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஜோயி சார் அவளுடைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றி விளக்கம் சொன்னோம். கேட்டு முடித்த செல்வராணி, போர்வையோடு நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த ரொட்டிய மட்டும் வச்சிட்டுப் போங்கண்ணே, நைட் டூட்டிக்கு ஆகும்."

காய்கிற வரைக்கும்

சிரித்து முடித்தாகிவிட்டது, ஆனால் கடிதம் அப்படியே இருந்தது. மறுநாளிலிருந்து தினமும் அவளோடு தனியாக உட்கார்ந்தேன். விதியைச் சொன்னால் ஒப்பிப்பாள். பத்து வாக்கியம் கொடுத்தால் பத்திலும் சரியாகப் போடுவாள். கடிதம் எழுதச் சொன்னால் ஒன்றுகூட இருக்காது. Before eating insulin must be given என்று எழுதியிருந்தாள். சாப்பிடுவதற்கு முன் இன்சுலின் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். படிக்கிறவர் முதலில் இன்சுலினைச் சாப்பிடுவதாக நினைத்து, பிறகு திரும்பிவந்து மறுபடி படிப்பார் என்றேன். இன்சுலினை யாரும் சாப்பிட மாட்டார்கள் என்று எந்த டாக்டருக்கும் தெரியும் என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரவு முழுக்க டூட்டி பார்த்துவிட்டு நேராக வந்திருந்தாள். பாடம் வேண்டாம் என்று நோட்டை மூடி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்ன தப்புச் செய்வார்கள் என்று சும்மா கேட்டேன். ஊசி போடுகிற இடத்தில் ஸ்பிரிட் தடவியதும் அந்த ஈரத்திலேயே குத்திவிடுவார்கள் என்றாள். எரியும். துடைத்ததற்கும் பலன் இருக்காது. துடைத்துவிட்டுக் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் நிற்கிற அந்த நேரம் அவர்களுக்குப் பெரிய கஷ்டம், வேலை செய்யாமல் நிற்பதாக நினைத்துக்கொள்வார்கள், நானே ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நின்றுவிட்டாள். மூடி வைத்த நோட்டைத் தானாகத் திறந்தாள். eating என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "காயுற வரைக்கும் நிக்கிறதுதானா டீச்சர் இது?"

மூச்சு வாங்குகிற இடம்

அவள் பரீட்சை எழுதி முடித்தாள். முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மலையில் இருந்தால் தினமும் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று கொல்லங்கோட்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் மாந்தோப்புக்காரர். தங்கச்சி சும்மா இருப்பது அவருக்குப் பிடிக்காது. பாலக்காட்டில் ஒரு வாசகசாலையில் என்னைக் கேட்காமலே ஒரு வகுப்புக்குச் சொல்லிவிட்டார். போனேன். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்தான் வந்திருந்தார்கள்.

முகப்புச் சொற்றொடருக்குப் பின்னால் கமா போடுங்கள், மற்ற இடங்களில் யோசித்துப் போடுங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு விண்ணப்பம் எழுதச் சொன்னேன். கல்பாத்தியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், நாற்பது வருஷம் மத்திய அரசு அலுவலகத்தில் இருந்தவர், அரைப் பக்கத்தில் முப்பத்தொரு கமா போட்டிருந்தார். சொல்லுக்குச் சொல் கமா. அவருடைய இங்கிலீஷ் என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது, அதனால் எப்படிச் சொல்வது என்று தயங்கி, இவ்வளவு எதற்கு என்று மட்டும் கேட்டேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மூச்சு வாங்கற எடத்துலே கமா போடணும்னாக்கும் எங்களுக்குச் சொல்லித் தந்தது, நேக்கோ ஆஸ்துமா."

முத்துலட்சுமி பார்க்க வந்தது

நான் மலைக்குத் திரும்பி நான்கு நாள் ஆகியிருந்தது. காலையில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது செல்வராணி படியேறி வந்தாள். கூடவே முத்துலட்சுமி. அதுவரை அவரை நான் நேரில் பார்த்ததில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். நல்ல சேலை, தலையில் கனகாம்பரம். மகள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா தலையில் பூ வைத்திருந்ததிலேயே முடிவு தெரிந்துவிட்டது. எழுத்துப் பகுதியில் வேண்டியதைவிட இருபது மார்க் கூடவே வாங்கியிருந்தாள். ஜோயி சார் வகுப்பை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் சாயா சொன்னார். காதர் பாய் எழுந்து போய்க் கீழே இருக்கிற பேக்கரியிலிருந்து ஒரு பெட்டி அல்வாவோடு வந்தார்.

இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று முத்துலட்சுமியிடம் கேட்டேன். அடிமாலியில் ஒரு வீடு பார்த்து வைத்திருப்பதாகவும், மகள் போய்ச் சேர்ந்த பிறகு குடிபோகலாம் என்று இருப்பதாகவும் சொன்னார். கையில் இருந்த பையிலிருந்து தேயிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு ஒன்று கேட்டார். இரண்டு தடவை தன் மகளைத் தோற்கடித்தது ஏதோ ஒரு குறி என்று சொன்னார்களாம். மகளிடம் கேட்டால் சிரிக்கிறாளாம். தனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் அது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும்.

நான் போர்டை முழுக்கத் துடைத்தேன். நடுவில் ஒரே ஒரு கமாவை எழுதினேன். கடைசிப் பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி வழக்கத்தைவிடப் பெரிதாகவே எழுதினேன். முத்துலட்சுமி எழுந்து போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். சாக்பீஸ் படாமல் விரலை அதன்மேல் காற்றிலேயே ஒரு தடவை வளைத்துப் பார்த்தார். செல்வராணி தலையைக் குனிந்துகொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. முத்துலட்சுமி என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. "இம்புட்டுக்காணுமா டீச்சர்? நான் என்னமோ பெருசா இருக்கும்னுல்ல ஒரு மாசமா சாமிக்கு வெளக்குப் போட்டேன்."

இருபத்தாறு எழுத்துக்களைச் சொல்லித் தருவதாகச் சொல்லி வேலையில் சேர்ந்த நான், அந்த இருபத்தாறிலும் சேராத ஒன்றோடு பதினோரு வருஷம் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.